மின்சாரம் எடுக்கும் முன்: வோல்ற்று, அம்பியர், ஓம், வாற்று

பல ஆண்டுகளுக்குப் பின் சொந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கூரை போட்டு, கிணறு இறைத்துத் துப்புரவாக்கியதும் எல்லோரும் எதிர்பார்ப்பது மின்சாரத்தையே. ஆனால் தலைமன்னார் தொடக்கம் பேசாலை, அரிப்பு, சிலாவத்துறை வரை கரையோரத்து வீடுகளில் பூட்டிக் கிடந்த வயர்களையும் பிளக்குகளையும் உப்புக்காற்று அரித்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. எங்கே ஆபத்து உண்டு என்பதைக் கண்டறிய, பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

நான்கு சொற்கள்

வோல்ற்று: மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். இலங்கையில் வீட்டு இணைப்புக்கு இது 230 வோல்ற்று. உயரத்தில் வைத்த தண்ணீர்த் தாங்கியின் அழுத்தம் போன்றது.

அம்பியர்: வயரில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு. குழாயில் ஓடும் தண்ணீர் போன்றது.

ஓம்: ஓட்டத்துக்கு உள்ள தடை. குழாய் ஒடுங்கினால் தண்ணீர் குறைவது போன்றது.

வாற்று: ஒரு பொருள் மின்சாரத்தை எவ்வளவு வேகமாகப் பாவிக்கிறது என்பதைக் காட்டும் வலு.

இரண்டு கணக்குகள்

தடை = வோல்ற்று ÷ அம்பியர்
வலு = வோல்ற்று × அம்பியர்

உதாரணம்: ஒரு மின்கேத்தல் 8 அம்பியர் எடுக்கிறது.
தடை = 230 ÷ 8 = 28.75 ஓம்
வலு = 230 × 8 = 1,840 வாற்று

பொருளின் அடியில் ஒட்டியுள்ள தாளில் பெரும்பாலும் வாற்று மட்டுமே இருக்கும். அதை 230ஆல் வகுத்தால் அம்பியர் கிடைக்கும். 1,000 வாற்று அயன் ஏறக்குறைய 4.3 அம்பியர் எடுக்கும். 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் 0.04 அம்பியர் அளவே எடுக்கும். மோட்டர் உள்ள பொருட்கள் தொடங்கும் கணத்தில் இக்கணக்கைவிடப் பல மடங்கு எடுக்கும்.

இந்த வலுவை நம் கண்முன்னேயே ஒப்பிடலாம். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் திறக்கப்பட்ட தம்பபவனி மின்நிலையத்தில் 30 காற்றாலைகள் உள்ளன. மொத்த வலு 103.5 மெகாவாற்று, ஒன்றுக்கு 3.45 மெகாவாற்று, அதாவது 34,50,000 வாற்று. முழு வலுவில் சுழலும் ஒரு காற்றாலை, 1,875 கேத்தல்களை ஒரே நேரத்தில் கொதிக்க வைக்கும் வலுவைத் தருகிறது.

"மின்குமிழ் எரிகிறது, வயர் நல்லது" என்று எண்ண வேண்டாம்

துருப்பிடித்த ஒரு வயர் மூட்டில் 0.5 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். அதன் வழியாக மின்குமிழின் 0.04 அம்பியர் ஓடினால் மூட்டில் ஒரு வாற்றின் ஆயிரத்தில் ஒரு பங்கு சூடுகூடப் பிறக்காது. விளக்கு நன்றாக எரியும்.

அதே மூட்டு வழியாகக் கேத்தலின் 8 அம்பியர் ஓடட்டும்.
மூட்டில் இழக்கும் அழுத்தம் = 8 × 0.5 = 4 வோல்ற்று
மூட்டில் பிறக்கும் சூடு = 4 × 8 = 32 வாற்று

ஈயம் பற்றவைக்கும் சிறிய இரும்பின் சூடு ஏறக்குறைய இவ்வளவுதான். அது விரல்நுனி அளவான இடத்தில், கிடுகுக் கூரைக்கோ மரச் சட்டத்துக்கோ பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கும். மொத்த ஓட்டம் கூடாததால் பிரேக்கர் விழாது, உருகியும் உருகாது. ஆகவே பிளக் சுடுவது, கருகிய மணம், பெரிய பொருளைப் போட்டதும் விளக்கு மங்குவது ஆகியவற்றைக் கண்டால் உடனே பிரதான சுவிச்சை நிறுத்துங்கள்.

ஈரக் கையும் ஈர மணலும்

உடம்புக்கும் தடை உண்டு. உலர்ந்த தோலின் தடை அதிகம். கடலிலிருந்து நனைந்து வருபவரின் தடை 1,000 ஓம் அளவுக்குக் குறையலாம். அவர் பழுதான வயரைத் தொட்டால்:
230 ÷ 1,000 = 0.23 அம்பியர்

இது உயிரைப் பறிக்கப் போதும். வீட்டுக்குரிய ட்ரிப் சுவிச் 0.03 அம்பியர் கசிந்ததும் மின்சாரத்தை நிறுத்தும்படி செய்யப்பட்டது. அது விழுந்தால் தடி வைத்தோ கம்பி கட்டியோ நிமிர்த்தி வைக்க வேண்டாம். அது உங்கள் பிள்ளையின் உயிரைக் காத்திருக்கக்கூடும்.

செய்ய வேண்டியவை

1. மீள இணைப்புப் பெறுமுன் தகுதியுள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு வயர், மூட்டு, புவித்தொடுப்பு எல்லாவற்றையும் சோதியுங்கள். மின்சாரம் உள்ள வயரில் நீங்களே அளவெடுக்க வேண்டாம்.

2. 5 அம்பியர் பிளக்கில் கேத்தல் போட வேண்டாம். பல பொருட்களை ஒரே பிளக்கில் மாட்டினால் அவற்றின் அம்பியரைக் கூட்டிப் பாருங்கள்.

3. பக்கத்து வீட்டிலிருந்து வேலி வழியாக வயர் இழுக்க வேண்டாம். மெல்லிய நீண்ட வயருக்குத் தடை கூட. ஈர மணலில் கிடந்தால் ஆபத்தும் கூட.

4. புவித்தொடுப்புக் கம்பி அடிக்க நிலத்தைத் தோண்டுமுன், அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள்.

பயிற்சி

பத்தாம், பதினோராம் தரத்தில் படிக்கும் பிள்ளைகளுடன் சேர்ந்து செய்யுங்கள்.

அ. 12 வோல்ற்று சூரிய மின்விளக்கு 0.5 அம்பியர் எடுக்கிறது. வலு எவ்வளவு? தடை எவ்வளவு?
ஆ. மேலே சொன்ன கேத்தலையும் அயனையும் ஒரே 5 அம்பியர் பிளக்கில் போட்டால் மொத்த ஓட்டம் எவ்வளவு?
இ. கேத்தலை நாளொன்றுக்குக் கால் மணித்தியாலம் பாவித்தால் எத்தனை அலகு செலவாகும்? (1,000 வாற்று ஒரு மணித்தியாலம் ஓடினால் ஓர் அலகு.)

விடைகள்: அ. 6 வாற்று, 24 ஓம். ஆ. ஏறக்குறைய 12.3 அம்பியர்; அந்தப் பிளக்குக்கு இது இரண்டு மடங்குக்கும் மேல். இ. 0.46 அலகு.

விடை சரியாக வந்ததும் உங்கள் வீட்டுப் பொருட்களின் வாற்றையும் அம்பியரையும் ஒரு தாளில் எழுதி, பிரதான சுவிச்சுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். புதிய பொருள் வாங்கும்போது முதலில் அந்தத் தாளைப் பாருங்கள்.