சிறுநீரக நோயாளிக்குச் சமைக்கிறீர்களா?

காஹாங்கில் சிறுநீரக நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள், குளுவாங் மருத்துவமனையில் கொடுத்த உணவுத் தாளை அடுப்படியில் ஒட்டிவையுங்கள். அது ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்து வீட்டுக்காரரின் தாள் உங்களுக்கு உதவாது.

பொட்டாசியத்தைக் குறைக்கச் சொன்னார்களா? உருளைக்கிழங்கு, பூசணி, கீரையை அப்படியே குழம்பில் போடாதீர்கள். பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் கொதிக்கவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். பொட்டாசியத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும். சத்து வீணாகிறதே என்று அந்தத் தண்ணீரில் ரசம் வைக்கும் பாட்டிமார்களைத்தான் கொஞ்சம் கண்காணிக்க வேண்டும்!

பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழம், வேண்டவே வேண்டாம், ஜூஸும் கூடாது. நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும் நச்சு, பழுதான சிறுநீரகத்தால் உடம்பிலேயே தேங்கி மூளையைத் தாக்கும். முதலில் விடாத விக்கல், பிறகு குழப்பம், வலிப்பு. ஒரே பழம்கூட ஆபத்தாகலாம். சாப்பிட்டது தெரிந்தால், விக்கல் வரட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம்தான். இளநீரிலும் அது அதிகம்.

நீரிழிவும் சேர்ந்திருந்து, இரத்தச் சர்க்கரை 4 mmol/L-க்குக் கீழே இறங்கினால் ஆரஞ்சு ஜூஸைத் தேடாதீர்கள்; அதிலும் பொட்டாசியம் அதிகம். நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு 3 தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள்.