கூண்டு ஏத்திட்டாங்களா? அக்கா சொல்றதைக் கேளு

கார்த்திகை முடிஞ்சா தப்பிச்சோம்னு நினைக்காதே. தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது 2011 டிசம்பர் 30-ல. “ஆந்திராவுக்குப் போகுதாம்”னு கால் நீட்டிப் படுக்கவும் வேண்டாம். 2023-ல மிக்ஜாம் கரையேறினது பாபட்லா பக்கம், மூழ்கினது சென்னை. உனக்கு நேரமில்லைன்னு தெரியும். இதையாவது செஞ்சு வை.

1. முதல்ல மோட்டாரைப் போடு. மாடித் தொட்டி நிறைஞ்சிருந்தா தண்ணியும் ஆச்சு, காத்துல தொட்டியும் பறக்காது. கஜா அடிச்ச 2018-ல டெல்டாவுல பல ஊருக்கு வாரக்கணக்குல கரண்ட் இல்லை, ஞாபகம் வச்சுக்கோ.

2. புயல் வருதுன்னு குண்டான் நிறைய மாவு அரைக்காதே! ஃபிரிட்ஜ் நின்னா மறுநாளே புளிச்சு பொங்கி வழியும். அவல், பொரி, பொட்டுக்கடலை, பால் பவுடர் போதும்.

3. ஏ.டி.எம். வேலை செய்யாது. சில்லறை நோட்டா கையில வை. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவர்ல போட்டு, பரண்ல இல்லை, கைக்கு எட்டுற இடத்துல வை.

4. மொட்டைமாடித் தண்ணி இறங்குற குழாய் வாயில இலை அடைச்சிருக்கும். இன்னைக்கே எடுத்துடு. பூந்தொட்டியைக் கீழே இறக்கு. வண்டியை மரத்தடியில விடாதே.

5. மாட்டைக் கட்டி வைக்காதே, அவிழ்த்து விடு. தப்பிக்கிற வழி அதுக்குத் தெரியும்.

6. இதை மட்டும் ரெண்டு தடவை படி. ஊளையிட்ட காத்து திடீர்னு அடங்கும், வெளிச்சம்கூட வரும். உடனே செருப்பை மாட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்க ஓடுவீங்க, தெரியாதா எனக்கு! அது புயலோட கண். கண் தாண்டினதும் எதிர்த்திசையிலேருந்து அதே வேகத்துல அடிக்கும். முதல் அடியில வேர் ஆடின மரம் அப்பதான் சாயும். 2016-ல வர்தா சென்னையைக் கடந்தப்பவும் நடுவுல இப்படித்தான் ஓய்ஞ்சு மறுபடி பிடிச்சுது. முழுசா கடந்துடுச்சுன்னு ரேடியோவுல சொல்ற வரைக்கும் கதவைத் திறக்காதே.

7. அறுந்து கிடக்கிற கம்பியைக் குச்சியாலகூடத் தொடாதே. அவசரம்னா 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.

8. ஓடு பறந்திருந்தா, தென்னை விழுந்திருந்தா, துடைப்பத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடு. பளிச்சுனு பெருக்கி வச்சுட்டு, கணக்கெடுக்க வர்றவங்ககிட்ட எதைக் காட்டுவே?