ட்ரைபாட் இல்லாத ராத்திரி

ராசிபுரம்,
மார்கழி.

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது.

நீ அனுப்பிய படங்களை லேப்டாப்பில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடை, கோயில் வீதி, உங்கள் தெருத் தறிக்கூடம். எல்லாம் ராத்திரி எடுத்தவை, எல்லாம் கலங்கியவை. கடைசியில் ஒரு கேள்வி: "ட்ரைபாட் வாங்கிடட்டுங்களா மாமா?" போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் 'சரிங்க மாமா' என்று வைத்துவிட்டு நீ கடைக்குப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். இப்போதைக்கு வாங்காதே.

டீக்கடைப் படத்தை இன்னொரு தரம் பார். பாய்லர், பிஸ்கட் ஜாடி, சுவரில் ஒட்டிய விலைப்பட்டியல் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருக்கின்றன. அது உன் கை ஆடியது. கோயில் வீதிப் படத்தில் கடைப் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறது. சைக்கிளில் போகிறவர் மட்டும் கரைந்துபோயிருக்கிறார். அது அவர் நகர்ந்தது. ட்ரைபாட் முதலாவதைச் சரிசெய்யும். சைக்கிள்காரரை அது நிறுத்தாது. நீ எடுக்க ஆசைப்படுவதோ மனிதர்களை.

இன்னொன்றும் யோசி. நம் பக்கம் ராத்திரியில் எடுக்கத் தகுந்த இடங்கள் என்று எனக்குத் தோன்றுவது தறிக்கூடம், பூலாம்பட்டி ஆறு, கூத்துக்களம். மூன்று இடத்திலும் ட்ரைபாட் அநேகமாக உபயோகப்படாது.

தறிக்கூடத்தையே எடுத்துக்கொள். எடப்பாடியில் பிறந்தவனுக்குத் தறிச் சத்தத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அது தரை வழியாகவும் வருகிறது என்பதைக் கேமராவோடு போய் நின்றால்தான் கவனிப்பாய். வரிசையாகத் தறி ஓடும் கூடத்தில் ட்ரைபாடை ஊன்றினால் மூன்று கால் வழியாகவும் அதிர்வு ஏறும். சுவரில் சாய்ந்தாலும் அப்படித்தான், தூணைப் பிடித்தாலும் அப்படித்தான். அங்கே உன் இரண்டு காலை நம்பு. முழங்காலை லேசாகத் தளர்த்தி நின்றால் பாதி அதிர்வை உடம்பே வாங்கிக்கொள்ளும். முழங்கை இரண்டையும் விலாவோடு சேர்த்து வை. கேமராவைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார். பின்பக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினால் ஆடத்தான் செய்யும். மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் பட்டனை அழுத்து. ஒன்று எடுத்து நிறுத்தாமல் தொடர்ச்சியாக நாலைந்து எடு. அழுத்தும்போதும் விடும்போதும்தான் விரல் கேமராவை அசைக்கிறது. நடுவில் விழுந்த படம் பெரும்பாலும் கூர்மையாக இருக்கும். கேமரா வாரைக் கழுத்தில் தொங்கவிடாமல் மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொள். பிடிமானத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஓடுகிற தறியின் பெல்ட்டில் வார் மாட்டினால் கேமராவோடு போகாது.

அங்கே அடுத்த தொல்லை டியூப்லைட். நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. ஷட்டரை 500-ல், அதாவது நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கில், வைத்தால் கேமராவுக்குத் தெரிந்துவிடும். ஒரு படம் வெளுப்பாக வரும், அடுத்தது மங்கலாக வரும், சில நேரம் படத்தின் குறுக்கே பட்டையே விழும். 100-ல் வை, இல்லாவிட்டால் 50-ல் வை. முழுத் துடிப்பாக ஒன்றோ இரண்டோ உள்ளே வந்துவிடும், பட்டை இருக்காது. மலிவான எல்.இ.டி. பல்புகளிலும் இதே கதைதான்.

தறி ஓடும்போது ஆளை எடுக்கப் பார்க்காதே. 50-ல் அவர் கை கரைந்துவிடும். ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தால் தறியை நிறுத்தித்தான் மாற்றியாக வேண்டும். பாவில் இழை அறுந்தாலும் நிறுத்துவார். அப்போது குனிந்து, அறுந்த நுனியைத் தேடி எடுத்து, இரண்டு விரலால் முறுக்கி முடிச்சுப் போடுவார். பார்த்துக்கொண்டே இரு, அந்தச் சில விநாடி தலையே அசையாது. மேலே டியூப்லைட், கீழே விரித்த வெள்ளைப் பாவு. வெளிச்சம் பாவில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழலை எடுத்துவிடும். ஸ்டுடியோவில் நாங்கள் தெர்மாகோல் அட்டை பிடித்துச் செய்த வேலை அது. அந்த நேரத்துக்கு 50 தாராளம். கை பழகிவிட்டால் 25-ம் போதும். இதைத்தான் நீ முதலில் கற்க வேண்டும் என்று சொல்லுவேன். ராத்திரியில் ஆடுகிற எதுவும் எங்கேயோ ஓரிடத்தில் நிற்கிறது. எங்கே நிற்கும் என்று தெரிந்துவைத்திருக்கிறவனுக்கு வேகமான ஷட்டர் தேவைப்படாது.

பஞ்சுத் தூசு பறக்கிற இடம் என்பதால் கூடத்துக்குள் லென்ஸைக் கழற்றாதே. முதலாளியிடம் கேட்டதோடு விடாமல் தறி ஓட்டுகிறவரிடமும் கேள். கூலி, முன்பணம் என்று எத்தனையோ தகராறு ஓடுகிற தொழில். கேமராவைப் பார்த்தால் அவர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம். முதல் நாள் கேமராவைப் பையிலேயே வைத்திரு, டீ வாங்கிக் கொடு, பேசு.

இனி கணக்கு. உன்னிடம் இருப்பது கேமராவோடு வந்த 18-55 லென்ஸ். அதை 18-ல் வைத்தால் எஃப் 3.5 வரை திறக்கும், 55-க்கு இழுத்தால் 5.6-தான். அந்த இழுப்பில் உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. உன் படங்கள் முக்கால்வாசி 55-ல் எடுத்தவை. கூச்சத்தில் தூர நின்று இழுத்திருக்கிறாய், தெரிகிறது. 18-ல் வைத்துக் கிட்டே போ. பழைய விதி ஒன்று உண்டு: லென்ஸின் மில்லிமீட்டர் எவ்வளவோ ஷட்டரும் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். உன் கேமராவின் சென்சார் சின்னது என்பதால் ஒன்றரையால் பெருக்கிக்கொள். 55-க்கு 80 வேண்டும். 18-க்கு 30 போதும். கிட்டே போனால் அப்பர்ச்சரிலும் லாபம், ஷட்டரிலும் லாபம்.

ட்ரைபாடுக்குச் சேர்த்த காசில் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கு. செகண்டு ஹேண்டாக இருந்தாலும் சரி, கண்ணாடியில் பூஞ்சை இல்லாமல் பார்த்துக்கொள். 5.6-க்கும் 1.8-க்கும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். ஸ்டேன்லி குப்ரிக் 1975-ல் வெளியிட்ட 'பேரி லிண்டன்' படத்தில் சில காட்சிகளை வெறும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுத்தார் என்று சினிமாக்காரர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். அதற்கு அவர் பிடித்தது நாசாவுக்காக ஜெய்ஸ் கம்பெனி செய்த எஃப் 0.7 லென்ஸ். ஃபிலிம் 100 வேகம்; லேபில் ஏற்றி 200 ஆக்கினார்கள். லென்ஸில் அவர் உன்னைவிட ஆறு மடங்குக்கு மேல் முன்னால் நிற்கிறார். ஆனால் நீ ஐ.எஸ்.ஓ.வை 3200-க்குத் திருகினால் அதிலேயே பதினாறு மடங்கு வந்துவிடுகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவருக்குக் கிடைத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் உன் கையில் இருக்கிறது. வெளிச்சம் பற்றவில்லை என்று இனி என்னிடம் சொல்லாதே.

ஐ.எஸ்.ஓ.வை 400-க்கு மேல் ஏற்றினால் புள்ளி புள்ளியாக வருகிறது என்றாய். வரட்டும். நாங்கள் கல்யாண வீட்டில் 400 வேக ரோலைப் போட்டால் முப்பத்தாறு படமும் முடிகிறவரை அதை மாற்ற வழியில்லை. புள்ளி இருக்கிற படத்தைப் பார்க்கலாம், சட்டம் போட்டு மாட்டலாம். கலங்கின முகத்தை என்ன செய்வாய்? பல்புக்குக் கிட்டே நிற்கிற டீக்கடைக்காரர் என்றால் எஃப் 1.8, ஷட்டர் 100, ஐ.எஸ்.ஓ. 1600 என்று தொடங்கு. தெருவிளக்கு என்றால் ஐ.எஸ்.ஓ.வை 3200 ஆக்கு. அங்கிருந்து கூட்டு, குறை. ரா ஃபைலாகவே எடு; மஞ்சள் சோடியம் விளக்கும் வெள்ளை எல்.இ.டி.யும் ஒரே தெருவில் எரிகிற ஊரில் நிறத்தைப் பிறகு உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம்.

கேமராவின் மீட்டரை ராத்திரியில் அப்படியே நம்பாதே. இருட்டைப் பார்த்தால் அது பயந்து வெளிச்சத்தைக் கூட்டும், அதற்காக ஷட்டரை மெதுவாக்கும், கடைசியில் கலங்கும். காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் கழித்து வை. ராத்திரி ராத்திரியாகவே தெரியட்டும். இப்போது போனில் வரும் நைட் மோடு எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். கையில் பிடித்தபடியே பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. 2018-ல் கூகுள் பிக்சலில் அது வந்தபோது நானே வாயைப் பிளந்தேன். ஆனால் தெரு முழுக்கச் சாயங்காலம் ஐந்து மணி மாதிரி ஆகிவிடுகிறது. நகர்கிற ஆளுக்கு அதிலும் முழு வழி கிடையாது.

பூலாம்பட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகும் படகில் உட்கார்ந்தால் ட்ரைபாடும் உன்னோடு சேர்ந்து ஆடும். கரையில் நின்று எடு. சூரியன் விழுந்த பிறகு வானம் நீலமாகிற நேரம் நம் ஊரில் சட்டென்று முடிந்துவிடும், முன்கூட்டியே போய் நில். மேட்டூர் பக்கம் போனால் அணை, அனல்மின் நிலையம் இருக்கும் இடங்களில் அனுமதி இல்லாமல் கேமராவைத் தூக்காதே.

கூத்துக்குக் கட்டாயம் போ. மேட்டூர் வட்டம் ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணன் 'மணல்வீடு' இதழும் நடத்திக்கொண்டு, களரி என்ற பெயரில் கூத்துப் பயிற்சியும் கொடுத்துவருகிறார். நம் சேலம் பக்கத்துக் கூத்தைப் பற்றி ஏதாவது தெரிந்துகொண்டு போக வேண்டுமானால் அங்கிருந்து தொடங்கு. கதை தெரியாமல் கூத்தைப் படமெடுக்க முடியாது என்பது என் கட்சி. யார் எப்போது திரையை விட்டு வெளியே வருவார், எங்கே அடவு முடிந்து பாட்டுக்கு நிற்பார் என்று கதையும் தாளமும்தான் சொல்லும். சுற்றி ஆடி வருகிறவர் மத்தளத்தின் கடைசி அடிக்கு நின்று, தலையை நிமிர்த்தி, பாட்டெடுப்பதற்கு முன்னால் மூச்சு வாங்குகிறார் பார், அங்கே அழுத்து. சனங்கள் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ட்ரைபாடை விரித்தால் கிழவிகள் திட்டுவார்கள், திட்டவும் வேண்டும். ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து முழங்கால் மேல் முழங்கையை ஊன்றிக்கொள். ஃபிளாஷைத் தொடாதே. கேமரா முன்னால் சிவப்பாக எரியும் ஃபோகஸ் விளக்கையும் அணைத்துவிடு.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் வேஷம் கட்டுகிற இடத்துக்குப் போய் அனுமதி கேள். ஒரு பல்பு, கையில் ஒரு சின்னக் கண்ணாடி, முகத்தில் அரிதாரம். புருவம் தீட்டும்போது கூத்தாடி கண்ணை இமைக்கக்கூட மாட்டார். எஃப் 1.8-ல் மூக்கு தெளிந்தால் காது மங்கும் என்பதால் ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் வை. ராத்திரியின் சிறந்த படம் உனக்கு அநேகமாக அங்கேதான் கிடைக்கும்.

தை பிறந்தால் எடப்பாடிப் பருவதராஜகுலத்தார் காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பார்கள். மலை மேலேயே ஒரு ராத்திரி தங்குகிற உரிமை அவர்களுக்கு இருப்பதும், டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்வதும் உனக்குத் தெரியும். 2023 அக்டோபர் முதல் பழனி மலைக்கோயிலில் செல்போனுக்கும் கேமராவுக்கும் தடை. ஆகவே உன் வேலை வழியோடு சரி. அவர்கள் நடக்கும்போது எடுக்க முயலாதே. காவடியை இறக்கி வைத்துக் காலை நீட்டி உட்காரும் இடத்துக்கு முன்னால் போய்விடு. ராத்திரியில் ரோட்டின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே நிற்காதே, கறுப்புச் சட்டை போடாதே. வருகிற லாரிக்காரனுக்கு நீ தெரிய வேண்டும்.

நட்சத்திரம் கோடு கோடாகச் சுற்றுவதும், பஸ் விளக்கு நீளக் கம்பியாகத் தெரிவதும் கையில் பிடித்து வராது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் உடனே ட்ரைபாட் வேண்டாம். பழைய பேண்டின் ஒரு காலை வெட்டி, இரண்டு முனையும் தைத்து, உள்ளே அரிசி போட்டு ஒரு பை செய்துதரச் சொல் அம்மாவை. மதகுச் சுவரில் பையை வைத்து, அதன் மேல் கேமராவை அழுத்தி உட்காரவைத்து, இரண்டு விநாடி டைமரில் எடு. ஒரு வருஷம் கழித்தும் அந்த ஆசை அப்படியே இருந்தால் நானே வாங்கித் தருகிறேன்.

பொங்கலுக்கு இங்கே வரும்போது படங்களைக் கொண்டு வா. வாட்ஸப்பில் அனுப்பாதே, அது படத்தை நசுக்கிவிடுகிறது. பென் டிரைவில் போடு. கலங்கினதை அழித்துவிட்டு நல்லதாகப் பொறுக்கிக் கொண்டுவராதே, எல்லாவற்றையும் கொண்டு வா. எது உன் கை ஆடியது, எது ஆள் ஆடியது என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மாமா