வீட்டு ஓவனில் தூத்துக்குடி மக்ரூன்

தூத்துக்குடி மக்ரூனுக்கு மூன்றே பொருள்: முந்திரி, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு. மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது, பேக்கிங் பவுடரும் கிடையாது. ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்கிற பண்டம் இந்தக் கடற்கரையில் முந்திரிக்கு மாறிக்கொண்டது. அந்த முந்திரி மரத்தை 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள்.

மூன்று பொருள்தானே என்று இறங்குகிறவர்களுக்கு முதல் தட்டு பெரும்பாலும் தட்டையாகவோ பிசுபிசுப்பாகவோ வரும். காரணம் தேடிப் போனால் அநேகமாக ஈரத்தில்தான் போய் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இதைத் தொடவே வேண்டாம். வெயில் காயும் நாளாகப் பாருங்கள்.

அளவு: 3 முட்டையின் வெள்ளைக்கரு (சுமார் 100 கிராம்), சீனி 200 கிராம், முந்திரி 150 கிராம், எலுமிச்சைச் சாறு சில துளி. சின்ன ஓடிஜி ஓவன் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். ஒரே நடையில் தட்டில் ஏறாத கலவை, காத்திருக்கும் நேரத்தில் நீர்த்துவிடும்.

முந்திரியைக் கழுவக் கூடாது. ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு, நன்றாக ஆறிய பிறகு மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் சூட்டில் எண்ணெய் கக்கிப் பசையாகிவிடும்; பிறகு அது மக்ரூனுக்கு ஆகாது. மெல்லிய ரவை பதம் போதும். சீனியைத் தனியாகப் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

முட்டையைக் குளிர்ந்த நிலையில் உடைத்தால் கருக்கள் சுலபமாகப் பிரியும். ஆனால் அடிப்பதற்கு முன் வெள்ளைக்கரு அறைச்சூட்டுக்கு வர வேண்டும். ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் பிரித்து, அப்புறம் பெரிய பாத்திரத்தில் சேருங்கள். மூன்றாவது முட்டையின் மஞ்சள்கரு உடைந்து கலந்தால் முதல் இரண்டும் வீண். கொழுப்பு இருக்கும் இடத்தில் நுரை நிற்காது. அதனால் எண்ணெய்ப் பிசுக்கு பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டாம். எவர்சில்வர் பாத்திரத்தை எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து எடுங்கள்.

இனிதான் மக்ரூனின் உயிர் இருக்கிறது. எலுமிச்சைத் துளி விட்டு, பீட்டரை மெதுவான வேகத்தில் ஆரம்பியுங்கள். பெரிய குமிழிகள் சிறுத்து, வெள்ளை நுரை கட்டிய பிறகே சீனி. அதையும் ஒவ்வொரு கரண்டியாகப் போட்டு, கரைந்ததும் அடுத்தது. அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் நுரை அமுங்கிவிடும். விரல்களுக்கிடையே எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. பீட்டரைத் தூக்கினால் நுனி வளையாமல் நிற்க வேண்டும். பளபளப்பும் இருக்க வேண்டும். பளபளப்பு மங்கிப் பஞ்சு பஞ்சாகப் பிரிந்தால் அடி மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

பீட்டரை வைத்துவிட்டு, முந்திரித் தூளை மூன்று தடவையாகத் தூவி, கரண்டியால் அடியிலிருந்து மேலே மடித்துக் கலக்குங்கள். முந்திரியிலும் எண்ணெய் உண்டு. அதிகம் கிண்டினால் நுரை சரியும். வெள்ளைத் திட்டு ஓரிரண்டு தெரிந்தாலும் நிறுத்திவிடலாம்.

ஓவனை 110 டிகிரி செல்சியஸில் முன்பே சூடேற்றியிருங்கள். பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, கலவையை நிரப்பி, நுனியை வெட்டிப் பிழியுங்கள். தட்டிலும் பட்டர் பேப்பர்தான். எண்ணெய் தடவ வேண்டாம். பிழிந்து முடிக்கும்போது கையைச் சட்டென்று மேலே இழுத்தால் மக்ரூனுக்கே உரிய கூர்முனை வரும்.

ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். முதல் அரை மணிக்குள் கதவைத் திறக்காதீர்கள். தாள் சுத்தமாக விட்டு வந்தால் ஓவனை அணைத்துவிட்டு, முழுதாக ஆறும்வரை உள்ளேயே விடுங்கள். மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் கன்வெக்‌ஷன் முறையில் மட்டும் செய்யலாம்.

எங்கே தவறியது என்பதை மக்ரூனே காட்டிவிடும். பரந்து தட்டையானால் நுரை போதவில்லை, அல்லது முந்திரி எண்ணெய் விட்டிருக்கிறது. அடியில் பாகு கசிந்தால் சீனி கரையவில்லை. பழுப்பேறினாலும் விரிசல் விட்டாலும் சூடு அதிகம். வீட்டு ஓவன்களில் குமிழ் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. உள்ளே வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வது நல்ல செலவு.

ஆறியவுடன் காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் நமுத்துப்போகும். மறுநாளே பிசுபிசுத்தால் 100 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து, ஓவனுக்குள்ளேயே ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். அப்படியும் சரியாகாததை நொறுக்கி ஐஸ்கிரீம் மேல் தூவலாம். மிஞ்சிய மூன்று மஞ்சள்கருவை அன்றைக்கே ஒரு முழு முட்டையோடும் பாலோடும் சேர்த்துக் கேரமல் கஸ்டர்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.