கட்டையின் இரண்டு முனைகள்

ஊன்றுகட்டை வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் அதைக் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். லேசாக இருக்கிறதா, மடக்க வருமா, எத்தனை வருஷம் உழைக்கும் என்று விசாரிப்பார்கள். சின்ன வயதில் போலியோ வந்ததிலிருந்து கட்டையோடு நடக்கிறவன் நான். வேலைக்காக மைசூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன். ஒருவரை நடக்கவைப்பதும் விழவைப்பதும் கட்டையின் இரண்டு முனைகள் என்பதுதான் நான் கண்டது. ஒன்று கை பிடிக்கிற முனை, மற்றது தரையைத் தொடுகிற முனை. நடுவில் இருக்கும் குழாய்க்குக் கிடைக்கிற கவனத்தில் பாதி இந்த முனைகளுக்குக் கிடைத்தாலே நம்மில் பலர் விழாமல் இருப்போம்.

எடை பொருட்டே இல்லை என்று சொல்லவில்லை. காலில் மாட்டும் காலிப்பருக்கு அதுதான் உயிர்நாடி. அப்துல் கலாம் ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேலான உலோகக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தார். அக்னி ஏவுகணைக்காக உருவான கலவைப் பொருளைக் கொண்டு 300 கிராமில் அதைச் செய்து கொடுத்தார். காலோடு கட்டிய சுமையை ஒவ்வொரு அடிக்கும் தூக்கியாக வேண்டும் என்பதால் அங்கே ஒவ்வொரு கிராமும் கணக்கு. கட்டையின் கதை வேறு. அலுமினியம் வந்தபோதே அதன் எடைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிட்டது.

தரை முனையிலிருந்து தொடங்குகிறேன். அடியில் மாட்டும் ரப்பர் புஷ்தான் உங்கள் உடம்பு மொத்தத்தையும் தாங்குகிறது. வாங்கும்போது அதைக் கழற்றி உள்ளே பாருங்கள். நல்ல புஷ்ஷின் உள்ளே, அடியில் ஓர் இரும்பு வாஷர் இருக்கும். வாஷர் இல்லாவிட்டால் குழாயின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக ரப்பரை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். ஒரு நாள் வெறும் உலோகம் டைல்ஸில் பட்டுச் சறுக்கும். புஷ்ஷின் அடியில் இருக்கும் வட்ட வரிகள் தேய்ந்து மழுமழுவென்று ஆனதும் மாற்றிவிட வேண்டும். நாம் கட்டையைச் சாய்த்து ஊன்றுவதால் தேய்மானம் ஒரு பக்கமாகவே வரும். வாரத்துக்கு ஒருமுறை கால் சுற்று திருப்பி வைத்தால் சமமாகத் தேயும், நாளும் கூட வரும். கடையில் நெடுநாள் கிடந்த புஷ்ஷை நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்காமல் கெட்டியாகப் பளபளத்தால் ரப்பர் செத்துவிட்டது என்று பொருள்; புதிது என்று சொன்னாலும் வாங்காதீர்கள். குழாயின் பருமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் பழைய புஷ்ஷைக் கையோடு கொண்டுபோனால்தான் சரியான அளவு கிடைக்கும்.

மைசூரின் ஜூன், ஜூலை தூறலில் இந்தப் புஷ் பெரிய விஷயம். சந்தைப் பக்கத்துக் கல் பாவிய தரையில் தண்ணீர், பூச்சரத்திலிருந்து உதிர்ந்த இதழ், வாழை மட்டை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். சாதாரண புஷ் விறைப்பாக இருப்பதால், கட்டை சாயும்போது அதன் ஓரம் மட்டுமே தரையைத் தொடும். இதற்கு வந்த நல்ல தீர்வு, கழுத்து வளைகிற அகல அடி கொண்ட புஷ். கட்டை எந்தக் கோணத்தில் சாய்ந்தாலும் அடிப்பாகம் தரையோடு முழுதாகப் பதிந்திருக்கும். விலை கூடத்தான். ஆனால் புதுக் கட்டை வாங்கச் சேர்த்த பணம் கையில் இருந்தால், முதலில் இதற்குச் செலவழியுங்கள் என்பேன்.

அடுத்தது, எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் நான் பார்க்காத விஷயம். நாம் வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை. ஆனால் கட்டையின் உயரத்தைச் செருப்போடு நிற்கவைத்துத்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் நாம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குள்ளமாகிறோம், கட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. கட்டையில் உயரத்தை மாற்ற இருக்கும் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் சுமார் ஓர் அங்குலம் இடைவெளி. அதாவது வீட்டுக்குள் எப்போதும் ஒரு துளை உயரமான கட்டையோடு நடக்கிறோம். தோள் ஏறும், கழுத்து வலிக்கும், காரணம் தெரியாது. மைசூர் அரண்மனைக்குப் போகிறவர்கள் இதை உடம்பிலேயே உணரலாம். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வழவழப்பான தரையில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். நான் வாசலிலேயே ஓரமாக உட்கார்ந்து இரண்டு கட்டையிலும் பொத்தானை அழுத்தி ஒரு துளை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போவேன், திரும்பும்போது ஏற்றிக்கொள்வேன்.

வசதி இருந்தால் வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் உத்தமம். பூஜை அறைக்கும் சமையலறைக்கும் தெரு மண்ணைக் கொண்டுபோகிறோமே என்ற மனச்சங்கடமும் இருக்காது. ஒரே ஜோடிதான் என்றால் வாசலில் ஈரத்துணி ஒன்றும் காய்ந்த துணி ஒன்றும் போட்டு வையுங்கள். ஈரத்தில் துடைத்துவிட்டு அப்படியே உள்ளே நடந்தால் ரெட் ஆக்ஸைடு தரையில் வழுக்கும், உலர்த்தியே ஆக வேண்டும். ஜெய்ப்பூரில் 1968-ல் கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் செயற்கைக் காலை உருவாக்கியபோது, வெறுங்காலோடு நடக்கிற, சம்மணமிட்டு உட்காருகிற நம் ஜனங்களை மனதில் வைத்துச் செய்தார்கள். உலகம் முழுக்க அது போனது. கட்டைக்கும் அந்த அக்கறையோடு யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மேல் முனைக்கு வருவோம். இலவச முகாம் ஒன்றில் வந்திருந்த எல்லாருக்கும் ஒரே மாதிரி அக்குள் கட்டையைக் கொடுத்து அனுப்பியதைப் பார்த்து மனம் பதைத்திருக்கிறது. எலும்பு முறிந்து சில வாரம் நடக்கிறவருக்கு அது போதும். அதிலும் அக்குளுக்கும் மேல் பட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், பாரம் உள்ளங்கையில்தான் இறங்க வேண்டும். பட்டை மேல் தொங்கிக்கொண்டு நடந்தால் அக்குள் வழியாகப் போகும் நரம்பு நசுங்கி மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போய்விடும். ஆயுசுக்கும் கட்டையோடு நடக்க வேண்டியவர்களுக்கு, கையில் ஓரளவு பலமும் இருந்தால், முழங்கைக் கட்டைதான் நல்லது. அதன் வளையம் முன்கையைப் பிடித்துக்கொள்வதால், கைப்பிடியை விட்டுவிட்டுக் காய்கறிக்காரரிடம் காசு கொடுக்கலாம், போன் எடுக்கலாம், கதவைத் திறக்கலாம்.

அளவு எளிது. கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரத்தில் கைப்பிடி. பிடித்து நிற்கும்போது முழங்கை 20 முதல் 30 டிகிரி வரை வளைந்திருக்க வேண்டும். முழங்கைக் கட்டையின் வளையம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் கீழே இருக்கட்டும்.

கைப்பிடியில் வந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய பிடி உருண்டையான, கெட்டியான பிளாஸ்டிக். பாரம் முழுக்க உள்ளங்கையின் நடுவில் ஒரு கோடாக இறங்கும். சாயங்காலம் விரல்கள் மரத்துப்போகும். இப்போது உள்ளங்கை வடிவத்துக்கே செய்த அகலமான பிடிகள் வருகின்றன. வலது வேறு, இடது வேறு. மாற்றிப் பிடித்தால் வலி கூடும். அது கிடைக்காதவர்கள் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய்க் கிரிக்கெட் மட்டைக்குப் போடும் ரப்பர் கிரிப் வாங்குங்கள். பிடியின் நீளத்துக்கு வெட்டி, உள்பக்கம் கொஞ்சம் பவுடர் தூவி உருட்டி ஏற்றினால் ஏறிவிடும். மெத்தென்று இருக்கும், வியர்வையிலும் வழுக்காது. சிறிய கை உள்ளவர்கள் ஒரு கிரிப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிடி தடித்தால் விரல் சுற்றி வராது, அதுவே வேறு வலியைக் கொடுக்கும்.

கட்டைக்காரர் எல்லாருக்கும் தெரிந்த சத்தம் ஒன்று உண்டு. பேங்க் கவுன்டரில் சாய்த்து வைத்த கட்டை மெல்லச் சரிந்து தடாலென்று விழும். எடுக்கக் குனிவது, பலருக்கு நடப்பதைவிடக் கஷ்டம். டெல்லி ஐஐடியில் வளர்ந்த ஃப்ளெக்ஸ்மோட்டிவ் நிறுவனத்தின் ஃப்ளெக்ஸ்மோ கட்டை இதை நேராகவே எடுத்துக்கொண்டது. கையை விட்டால் தானே நிற்கும், ஊன்றும்போது அதன் அடி வளைந்து கொடுக்கும். இந்தியாவிலேயே யோசித்து, இந்தியாவிலேயே செய்தது. சாதாரணக் கட்டையில், கவுன்டர் விளிம்பு படும் உயரத்தில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை இறுக்கி மாட்டினால் சரிவது குறையும்.

வாக்கருக்கு வேறு கணக்கு. எங்கள் தெருவில் ஒரு பாட்டி இடுப்பு ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தார். மகள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, வாக்கர் நல்லா உறுதியாத்தான் இருக்கு. பாத்ரூமுக்குள்ளதான் போக மாட்டேங்குது" என்றாள். டேப்பை எடுத்து அளந்தோம். நிலையின் உள் அகலத்தைவிட வாக்கர் அகலம். போதாததற்குப் பழைய மைசூர் வீடுகளுக்கே உரிய உயரமான நிலைப்படி வேறு. குறுகலான வாக்கராக மாற்றி, சுவரில் ஒரு கைப்பிடி அடித்து, படிக்கு இரண்டு பக்கமும் சரிவுப் பலகை போட்ட பிறகுதான் பாட்டி பயமில்லாமல் போனார். வாக்கர் வாங்குமுன் வீட்டிலேயே குறுகிய கதவை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

மாடிப்படியில் வாக்கர் உதவாது என்பதை ஒரு பள்ளி மாணவி மாற்றினார். பாட்னாவைச் சேர்ந்த ஷாலினி குமாரி, தன் தாத்தாவால் வாக்கரோடு மாடிக்கு ஏற முடியவில்லையே என்று யோசித்து, முன்கால்களின் உயரம் படிக்கு ஏற்ப மாறுகிற வாக்கரைச் சிந்தித்தார். தேசிய புத்தாக்க அறக்கட்டளை அதை அங்கீகரித்தது, விஸ்கோ நிறுவனம் தயாரித்து விற்றது. தாத்தாவின் சிரமத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த பெண்ணுக்குத்தான் அந்த யோசனை வந்திருக்கிறது. மைசூரில் ஜேஎஸ்எஸ் மாற்றுத்திறனாளிகள் பாலிடெக்னிக் போன்ற இடங்களில் படிக்கிற பிள்ளைகளிடமிருந்து இப்படி இன்னும் வரும் என்று மனதார நம்புகிறேன். கட்டை எங்கே கடிக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒற்றைக் கோல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். வலது கால் வலி என்றால் இடது கையில். வலது காலில் நிற்கும்போது இடுப்பு இடப்பக்கம் சாயப் பார்க்கும். கோல் அந்தப் பக்கம் இருந்தால்தான் தாங்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கோலும் வலிக்கிற காலும் முதலில். நாலு கால் ஸ்டிக் வைத்திருப்பவர்கள் நான்கு கால்களும் தரையில் பதிந்த பிறகே பாரத்தைப் போட வேண்டும். நம் நடைபாதைகளில் அது ஆடும் என்பதால் அதை வீட்டோடு வைத்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. வளர்கிற பிள்ளைக்குப் போன வருஷக் கட்டை இந்த வருஷம் குட்டை. பிள்ளை கூன் போட்டு நடப்பதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. ஜூனில் பள்ளிக்குப் புதுச் செருப்பு வாங்கும் அன்றே அதைப் போடச் சொல்லி நிறுத்திக் கைப்பிடி உயரத்தைப் பாருங்கள். தசரா விடுமுறையில் இன்னொரு முறை பாருங்கள். பள்ளிப் பையின் சின்ன அறையில் ஒரு ஜோடி புஷ் எப்போதும் இருக்கட்டும். பக்கத்தில் உட்காருகிற சிநேகிதப் பிள்ளைக்கும் அதை மாட்டக் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.