ஆயிரம் காளைகளும் ஒரு காளையும்

மதுரை,
மாசி மாதம்.

அன்புள்ள மருமகனே,



போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அது நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. "பத்து வருஷமா யு.எஃப்.சி. பாத்த சீனியருங்க எல்லாம் இப்ப பாக்குறதே இல்ல மாமா. நீங்களும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்குப் போறதக் குறைச்சிட்டீங்க. வயசானா ரசனை போயிருமா?" என்று கேட்டாய். வயதின் மேல் பழி போடாதே. உன் சீனியர்களுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. தள்ளாத வயதிலும் தை முதல் நாள் விடியுமுன்னே அவனியாபுரம் கேலரியில் இடம் பிடித்து உட்காரும் பெரியவர்கள் நம் பக்கம் உண்டு. ரசனை வற்றுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. ஜல்லிக்கட்டுக்கும் உன் யு.எஃப்.சி. கூண்டுச் சண்டைக்கும் அவை பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலில் கணக்கைப் பார். அலங்காநல்லூரில் இப்போதெல்லாம் ஒரே நாளில் ஆயிரத்தை ஒட்டிக் காளைகளை அவிழ்க்கத் திட்டமிடுகிறார்கள். 2025 பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றுக்கும் சேர்த்து ஆன்லைனில் பதிவான காளைகள் 12,000-க்கு மேல். காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்துக்குள் முடிப்பதாக வை. பத்து மணி நேரம் என்பது 36,000 விநாடி. ஆயிரம் காளை என்றால் ஒன்றுக்கு 36 விநாடி. அதற்குள் முன்னே போன மாடு வெளியேற வேண்டும், அடுத்த மாட்டுக்காரரின் பேரையும் ஊரையும் பரிசையும் மைக்கில் சொல்ல வேண்டும், மாடு வாடிவாசலைத் தாண்டிப் பாய வேண்டும், யாராவது திமிலில் விழ வேண்டும், "மாடு பிடிமாடு" என்றோ "மாடு ஜெயிச்சிருச்சு" என்றோ அறிவிக்க வேண்டும்.

நின்று விளையாடும் காளைக்கு இந்த அவகாசம் போதாது. அப்படி ஒரு காளையை நீ நேரில் பார்த்திருக்கிறாயா என்று தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். வாசலை விட்டு வெளியே வந்ததும் அது ஓடாது. நாலடி வந்து நிற்கும். தலையைத் தாழ்த்தி, தரையில் பரப்பியிருக்கிற தேங்காய் நாரை முன்னங்காலால் வாரிப் பின்னே எறியும். வாடியை ஒட்டி ஐம்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவன் அசைந்தால் கொம்பு அந்தப் பக்கம் திரும்பும். திமில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும், ஆனால் எவனும் நெருங்க மாட்டான். "தொட்டுப் பாரு தம்பி" என்று மைக் சீண்டும். அந்தத் தயக்கத்தைப் பார்க்கத்தான் ரசிகன் போகிறான். அடுத்த மாடு, அதற்கடுத்த மாடு என்று பின்னால் வரிசை நெருக்கும்போது இந்தக் காட்சி தேய்ந்துபோகிறது. பாதிக் காளைகள் வாசலிலிருந்து நேரே ஓடி மறைகின்றன. மாலையில் வீட்டுக்குப் போனால் ஒரு மாடுகூட மனதில் நிற்பதில்லை.

பழைய ரசிகனுக்கு மாடு வெளியே வரும் முன்பே அதைத் தெரிந்திருக்கும். "இது போன வருஷம் பாலமேட்டுல எவனையும் அண்டவிடாத செவலை", "இந்த மயிலை இடது பக்கந்தான் வாங்கும்" என்று கேலரியில் பேச்சு ஓடும். அந்தப் பேச்சு முடிவதற்கும் மாடு வருவதற்கும் சரியாக இருக்கும். சி.சு. செல்லப்பா 1959-ல் எழுதிய 'வாடிவாசல்' குறுநாவலை நீ படிக்க வேண்டும். அதன் கதை முழுக்க ஒரே ஒரு ஜல்லிக்கட்டில் நடக்கிறது. தன் அப்பனைச் சாய்த்த காரிக் காளை வரும் வரை பிச்சி காத்திருக்கிறான். காரி வாசலுக்கு வரும்போது வாசகனுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஒரு காளைக்காகக் காத்திருப்பதில் எவ்வளவு கனம் இருக்கிறது என்று காட்ட அந்தச் சின்னப் புத்தகத்துக்கு மேல் எனக்கு வேறு சான்று தெரியவில்லை.

இப்போது உன் கூண்டுக்கு வருவோம். முதல் யு.எஃப்.சி. 1993 நவம்பர் 12-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்தது. எட்டே பேர், ஒரே இரவு. அடுத்ததற்கு 1994 மார்ச் வரை ரசிகன் காத்திருந்தான். இன்று வருஷத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரு டஜன் சண்டைகள். வருஷத்துக்கு ஐந்நூறை ஒட்டி வருகிறது. சனிக்கிழமைதோறும் புதுப் பெயர்கள். ஒருவனுடைய பெயரும் கதையும் மனதில் பதியுமுன் அவன் இரண்டு தோல்வியில் காணாமல் போகிறான். அங்கும் இங்கும் அதே 36 விநாடிதான். நிகழ்ச்சி கூடக்கூட ஞாபகம் குறைகிறது. ஞாபகம் இல்லாத இடத்தில் ரசிகன் வெறும் பார்வையாளன் ஆகிவிடுகிறான்.

இரண்டாவது காரணம், கேள்வி தீர்ந்துபோவது. அந்த முதல் இரவில் ஒரு குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் உறை மாட்டிக்கொண்டு வந்தார். அவரை எதிர்த்து வெள்ளை உடையில் நின்றவர் ஒல்லியான ராய்ஸ் கிரேஸி என்ற பிரேசில்காரர். ஜியு-ஜிட்சு என்ற அவருடைய தரைப்பிடிக் கலையை அங்கிருந்த பலருக்குத் தெரியாது. உருவத்தில் தன்னைவிடப் பெரியவர்களையும் பணியவைத்து மூன்று பேரை வரிசையாக வென்றார். எந்தக் கலை உசத்தி என்ற கேள்விதான் அன்று மக்களை இழுத்தது. சில ஆண்டுகளில் எல்லாரும் எல்லாக் கலையையும் கற்றுக்கொண்டார்கள். வீரர்கள் அன்றைவிடப் பல மடங்கு தேர்ந்தவர்கள்தான், ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டது. கேள்விக்காக வந்தவர்கள் விடை கிடைத்ததும் எழுந்து போவது இயல்பு. அதில் துரோகம் எதுவும் இல்லை.

மூன்றாவது, பரிசு ஆட்டத்தை மாற்றுவது. இதை நீ கூர்ந்து கவனிக்க வேண்டும். வேட்டி, துண்டு, அண்டா, சைக்கிள் என்று ஒவ்வொரு மாட்டுக்கும் பரிசு வைத்த காலத்தில் மானம்தான் பெரிது. 'எவனும் தொடாத மாட்டை நான் அணைந்தேன்' என்பதே பேச்சு. இன்றும் ஒவ்வொரு மாட்டுக்கும் பரிசு உண்டு. ஆனால் கார் கிடைப்பது அதிகக் காளைகளைப் பிடித்தவருக்கு. பூவந்தி அபிசித்தர் 2023-ல் அலங்காநல்லூரில் 26 காளைகளையும், 2025-ல் 20 காளைகளையும் பிடித்து முதலிடம் வந்தார். அவருடைய உரத்தையும் கால் வேகத்தையும் யாரும் குறை சொல்ல முடியாது. நான் சொல்வது கணக்கைப் பற்றி. எண்ணிக்கைக்குப் பரிசு என்றால், நின்று குத்தும் ஒரு மாட்டோடு மல்லுக்கட்டி விலா எலும்பைப் பறிகொடுப்பதைவிட, ஓடுகிற மூன்று மாட்டைப் பிடிப்பதே புத்திசாலித்தனம். கூண்டிலும் இதுதான் நடக்கிறது. ஒரு சுற்றை 10-க்கு 9 என்று எடுத்தால் போதும் என்கிறபோது, வலையோரம் எதிராளியை அழுத்திப் பிடித்து நேரத்தைக் கடத்துகிறவர்கள் வருவார்கள். அவர்களைக் குறை சொல்லாதே. எதை எண்ணுகிறோமோ அதுதான் விளையும்.

இதற்கு மாற்றும் உண்டு. சிறந்த காளைக்கென்று தனிப் பரிசு வைத்து, அதன் உரிமையாளருக்கு டிராக்டர் கொடுக்கிறார்கள். நின்று விளையாடும் மாட்டை வளர்க்க அது ஒரு தூண்டுதல். யு.எஃப்.சி.யும் அந்த இரவின் சிறந்த சண்டைக்குத் தனி ஊக்கத்தொகை கொடுத்து வருகிறது. தரத்துக்குப் பரிசு கூடினால் ரசிகன் திரும்பி வருவான் என்று நான் நம்புகிறேன்.

நான்காவது காரணத்தை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. பார்த்துப் பார்த்து மனம் கனத்துப்போவது. 2025 பொங்கலன்று அவனியாபுரத்தில் மார்பில் காளை குத்தி ஓர் இளைஞர் இறந்தார். அந்த வீட்டில் அன்று பொங்கல் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார். இருபது வயதில் இது நம் கண்ணில் படாது. பிள்ளை பெற்றவன் கேலரியில் உட்கார்ந்தால் களத்தில் நிற்கிற ஒவ்வொருவனும் தன் பிள்ளையாகத் தெரிவான். சக் லிடெல் என்ற வீரரை உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு காலத்தில் அசைக்க முடியாத சாம்பியன். ஒன்றன்பின் ஒன்றாகத் தலையில் அடி வாங்கி விழுந்து 2010-ல் ஓய்வு பெற்றார். பிறகு 2018-ல், 48 வயதில், திரும்பி வந்து முதல் சுற்றிலேயே சாய்ந்தார். அவரை நேசித்தவர்களில் பலருக்கு அதற்கு மேல் பார்க்கப் பிடித்திருக்காது. அன்பு மிகுந்ததால் விலகுகிறவர்களும் உண்டு, மருமகனே. அவர்களை அலுத்துப்போனவர்களோடு சேர்த்துவிடாதே.

சிலர் இன்னொரு காரணம் சொல்வார்கள்: சட்டதிட்டம் போட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்று. இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2009-ல் தமிழக அரசின் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகுதான் தடுப்பு வேலி, மருத்துவப் பரிசோதனை, கேலரி எல்லாம் கட்டாயமாயின. வாலைப் பிடிக்காதே, கொம்பைப் பிடிக்காதே, திமிலை மட்டும் அணை என்ற விதி மாட்டுக்கும் நல்லது, வீரனுக்கும் நல்லது. திமிலை விடாமல் மூன்று துள்ளல் தாங்குவது ஒரு கலை. நாலு பேர் மேலே விழுந்து அமுக்குவதில் என்ன கலை இருக்கிறது? கூண்டுச் சண்டைக்கும் 2000-ஆம் ஆண்டில் பொதுவிதிகள் வந்திராவிட்டால் அது என்றோ மடிந்திருக்கும். விதி ரசனையைக் கொல்லவில்லை. அவசரமும் மிகுதியும்தான் கொல்கின்றன.

அதற்குச் சாட்சி நம் கண் முன்னால் நடந்தது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2015, 2016, 2017 மூன்று பொங்கலுக்கும் வாடிவாசல் திறக்கவில்லை. அப்போது நீ சின்னப் பையன். 2017 ஜனவரியில் சென்னை மெரினாவிலும் இங்கே தமுக்கம் மைதானத்திலும் அலங்காநல்லூரிலும் தடையை எதிர்த்துக் கூடியவர்களில் பலர் அதுவரை ஒரு மாட்டின் கயிற்றைக்கூடத் தொட்டிராதவர்கள். சட்டத் திருத்தம் வந்து பிப்ரவரி 10-ல் அலங்காநல்லூரில் மாடு அவிழ்த்தபோது எழுந்த சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. 2023 மே 18-ல் அந்தத் திருத்தம் செல்லும் என்று அரசியல் சாசன அமர்வும் தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஜனவரியில் அலங்காநல்லூரை ஒட்டிய கீழக்கரையில் பெரிய அரங்கமே திறந்தார்கள். ஏங்கிக் கிடந்தபோது மூண்ட அந்தத் தீ, வேண்டிய மட்டும் கிடைக்கும்போது தணிகிறது. ருசியான கறிக்குழம்பும் மூன்று வேளையும் வைத்தால் திகட்டும் அல்லவா?

விளையாட்டின் மேல் காதல் குறையாத ஒரு கூட்டம் இருக்கிறது, கவனித்திருக்கிறாயா? மாடு வளர்க்கிறவர்கள். நம் ஊர்ப்பக்கம் புலிக்குளம் காளையைக் கன்றிலிருந்து வளர்ப்பவர்களின் ஆண்டு முழுவதும் அந்த மாட்டோடுதான் கழிகிறது. பருத்திக்கொட்டையும் தவிடும் வைத்து, கண்மாயில் நீந்தவிட்டு, மண்மேட்டைக் கொம்பால் குத்தப் பழக்கி, மாலையில் நடக்கக் கூட்டிப்போவார்கள். அவர்களுக்கு ஆயிரம் காளை அவிழ்ந்தாலும் ஒன்றுதான் காளை. அது வாசலைத் தாண்டும் அந்த நொடிக்காக விடிய விடிய வரிசையில் நிற்பார்கள். சலிப்பு அவர்களை அண்டாது. கையைக் கொடுத்து உழைத்த ஒன்றின் மேல் மனம் எளிதில் விட்டுப்போவதில்லை.

ஆகவே உனக்கு என் யோசனை இது. எல்லாவற்றையும் பார்க்காதே. ஐந்நூறு சண்டையில் வருஷத்துக்குப் பத்து பார்த்தால் போதும். நாலைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் யாரிடம் பயின்றார்கள், எங்கே தோற்றார்கள், தோற்றபின் எதை மாற்றிக்கொண்டார்கள் என்று தொடர்ந்து போ. உத்தரப் பிரதேசத்து பூஜா தோமர் 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார், அவரிலிருந்து தொடங்கலாம். கல்லூரியில் ஜூடோவோ மல்யுத்தமோ சிலம்பமோ எது சொல்லிக்கொடுத்தாலும் சேர்ந்துவிடு. தரையில் ஒருவன் உன் நெஞ்சின் மேல் எடையைப் போட்டு அழுத்தும்போது மூச்சு எப்படித் திணறும் என்று ஒரு தடவை அறிந்துவிட்டால், இதுவரை 'சும்மா கிடக்கிறார்கள்' என்று நீ தள்ளிவிட்ட சண்டைகளில் எவ்வளவு போராட்டம் நடக்கிறது என்று தெரியும். தலையில் அடி வாங்கும் பயிற்சி மட்டும் வேண்டாம். இதில் மாமா சொல்லைத் தட்டாதே.

விலகிப்போன சீனியர்களிடம் வம்புக்குப் போகாதே. பழைய சண்டைகளைப் பற்றி அவர்களைப் பேசவிட்டுக் கேள். பார்த்த கண்களிலிருந்து நீ வாங்கிக்கொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது. என்றைக்காவது உனக்கும் மனம் விட்டுப்போனால் அதற்காக வருந்தாதே, அந்த விளையாட்டைத் திட்டவும் செய்யாதே. அது தந்ததை நீ வாங்கிக்கொண்டாய், அவ்வளவுதான்.

நான் அலங்காநல்லூரைக் குறைத்துக்கொண்டது உண்மை. ஆனால் வடமாடு நடக்கிற ஊர்களுக்கு இப்போது கூடுதலாகப் போகிறேன். நீளமான வடத்தில் கட்டிய ஒரே காளை, எதிரே ஒன்பது பேர், இருபது இருபத்தைந்து நிமிடம். மாட்டின் குணமும் பிடிக்கிறவனின் குணமும் முழுசாக வெளியே வரும். இந்த வெயில் காலத்தில் நீ லீவுக்கு வரும்போது சிவகங்கைப் பக்கம் எங்கே நடந்தாலும் சேர்ந்தே போவோம். போன் பையிலேயே இருக்கட்டும். அந்த ஒரு மாட்டை முழுசாகப் பார்த்துவிட்டு, அது எந்தப் பக்கம் வாங்கியது, ஒன்பது பேரில் எவன் அதை முதலில் புரிந்துகொண்டான் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டும்.

உன் அன்பு மாமா