பழங்கடனும் வட்டிக் கணக்கும்

உழவர்க்கும் நெசவாளர்க்கும் கடன் புதியதன்று. கம்பம் பள்ளத்தாக்கில் வழக்கமாக ஜூன் மாதம் முல்லைப் பெரியாற்று நீர் திறக்கப்பட்டு, 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் முதற்போக வேலை தொடங்கும்போது, உழவுக்கும் விதைக்கும் உரத்துக்கும் பணம் வேண்டியிருக்கிறது. திராட்சைத் தோட்டக்காரருக்குப் பந்தற் செலவும் மருந்துச் செலவும் முன்னே நிற்கின்றன. ஆண்டிபட்டி சக்கம்பட்டித் தறிகாரருக்கோ, மழை நாளிலும் பாவு வரத் தாமதமாகும் வாரத்திலும் கையில் காசு நிற்பதில்லை. செலவு முன்னும் வரவு பின்னுமாக அமைவது இவ்விரு தொழில்களுக்கும் பொது இயல்பு. ஆகவே கடன் வாங்குதல் குற்றமன்று. கணக்குக் கேளாமல் கட்டுவதும், படித்துப் பாராமல் கையெழுத்திடுவதுமே கேடு. ஆண்டுகள் பல கடந்த பழங்கடனை எவ்வாறு அணுகுவது என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

வட்டியைக் கணக்கிடுதல்

நம் ஊர்களில் வட்டியை மாதக் கணக்கிலேயே பேசுகிறார்கள். “நூற்றுக்கு ஐந்து” என்றால் செவிக்குச் சிறிதாகத் தோன்றும்; ஆண்டுக்கு அது நூற்றுக்கு அறுபது. “பத்து வட்டி” என்பது ஆண்டுக்கு நூற்றிருபது, அதாவது முதலினும் மிகுதி.

ஒரு நெசவாளர் மாதம் ஐந்து வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கியதாகக் கொள்வோம். மாதம் 1,000 ரூபாயாக இரண்டாண்டுகளில் 24,000 ரூபாய் கட்டிவிட்டார். அவ்வளவும் வட்டிக்கே போயிற்று. 20,000 ரூபாய் முதல் அப்படியே நிற்கிறது. அதே தொகையை நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டியில், குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் சங்கத்தில் வாங்கி, அதே 1,000 ரூபாயை மாதந்தோறும் செலுத்தியிருந்தால், இருபத்து மூன்றாம் மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்திருக்கும். உழைப்பும் ஒன்றே, கட்டிய பணமும் ஏறத்தாழ ஒன்றே. வட்டி வீதம் மட்டுமே வேறு.

தண்டல் கணக்கையும் பாருங்கள். 10,000 ரூபாய்க் கடன் என்று எழுதி, 1,000 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருகிறார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாயாக நூறு நாளில் வாங்கிக்கொள்கிறார்கள். “நூற்றுக்குப் பத்துத்தானே” என்று எண்ணலாகாது. கடன் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், மெய்யாகக் கையிலிருந்த பணத்துக்குக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேற்படும்.

நோட்டை மாற்றி எழுதுதல்

பழங்கடன் பெருகுவதற்கு முதற்காரணம் இதுவே. மூன்றாண்டு முடியும் தறுவாயில் கடன் கொடுத்தவர் வந்து, பழைய புரோநோட்டைக் கிழித்துவிட்டு, முதலையும் வட்டிப் பாக்கியையும் கூட்டிப் புதிய நோட்டு எழுதிக் கேட்கிறார். எழுதிய அன்றே வட்டி முதலாகிவிடுகிறது; மறுநாள் முதல் வட்டிக்கு வட்டி ஓடுகிறது. 10,000 ரூபாய்க்கு மாதம் மூன்று வீதம் தனி வட்டியானால் மூன்றாண்டில் மொத்தம் 20,800 ரூபாய். ஆண்டுக்கொரு முறை வட்டியை முதலோடு சேர்த்து எழுதினால் அதுவே 25,154 ரூபாய் ஆகிறது.

வெற்றுத் தாளிலோ, தொகை குறியாத புரோநோட்டிலோ கையெழுத்திடுவது இதனினும் தீது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி, முத்திரையிட்ட வெற்று நோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர், முத்திரைக்கு உட்பட்ட தொகையை அதில் நிரப்பிக்கொள்ள அதிகாரம் கொடுத்தவராகவே கருதப்படுகிறார். “தொகையை நான் எழுதவில்லை” என்று பின்னர் கூறுவது எளிதில் நிற்பதில்லை.

மூன்றாண்டுக் கெடு

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கைக்கடனுக்கும் புரோநோட்டுக் கடனுக்கும் வழக்கிட மூன்றாண்டுக் கெடு விதிக்கிறது. நில அடமானக் கடனுக்குப் பன்னிரண்டு ஆண்டு. கோர்ட்டில் டிக்ரி ஆகிவிட்டால் அதனை நிறைவேற்றவும் பன்னிரண்டு ஆண்டு உண்டு. ஆகவே எந்தக் கடன், எந்தத் தேதி என்பதை முதலில் அறிய வேண்டும்.

கெடு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டாலும், ஒரு பகுதி செலுத்தி நோட்டின் பின்புறம் கையெழுத்திட்டாலும், அன்று முதல் புதிய மூன்றாண்டு தொடங்கும். கெடு கடந்த பின்னரோ, சிறு தொகை செலுத்துவதனால் மட்டும் காலாவதியான கடன் உயிர் பெறாது; ஆனால் “தருகிறேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டால், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அந்த வாக்குறுதியே புதிய கடமையாகிவிடும். வாசற்படியில் நின்று அவசரப்படுத்திக் கேட்கும் கையெழுத்து எத்துணைப் பாரமுடையது என்பது இதனால் விளங்கும்.

கடன் காலாவதியானால் வழக்குரிமைதான் அற்றுப்போகிறதேயன்றிக் கடன் இல்லையென்று ஆகிவிடாது. வாங்கிய முதலைத் திருப்புவது நேர்மை. அந்த நேர்மையின் மேல்தான் சங்கங்களும் நிற்கின்றன. சட்டத்தை அறிவது ஏமாற்றுவதற்கன்று, ஏமாறாமலிருப்பதற்கே. இன்னொன்று: சம்மன் வந்தால் கெடு கடந்த கடனென்று அலட்சியமாக இருந்துவிடலாகாது. கோர்ட்டுக்குப் போகாதவர் மீது ஒருதலையாக டிக்ரி ஆகும் அபாயம் உண்டு.

தந்தை பட்ட கடனுக்கு மகன் பொறுப்பா என்று பலர் கேட்கின்றனர். இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து வாரிசின் கைக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்கே கடனும் வரும். 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தத்துக்குப் பின் பட்ட கடனுக்கு, மகன் என்ற ஒரே காரணங்காட்டி வழக்கிட இயலாது. ஜாமீன் கையெழுத்திட்டிருந்தால் அது வேறு.

சட்டம் தந்த காவல்

வட்டிக்கு எல்லை வேண்டுமென்ற எண்ணம் நம் நாட்டில் பழையது. இராஜாஜி அமைச்சரவை 1938-இல் கொணர்ந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1-க்கு முற்பட்ட உழவர் கடன்களில், 1937 அக்டோபர் 1-இல் நின்ற வட்டிப் பாக்கியைத் தள்ளிற்று. முதலைப் போல் இரு மடங்கு செலுத்தியிருந்தால் கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கொண்டது. அவ்விதி அக்காலக் கடன்களுக்கே உரியது. எனினும் கட்டியதையெல்லாம் கூட்டிப் பார்த்து நியாயம் பேசும் முறை இன்றும் நமக்கு வழிகாட்டும்.

இன்று நமக்குத் துணையாக நிற்பது 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்து வட்டித் தடைச் சட்டம். நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் ஆகியவற்றை அது தடுக்கிறது. மீறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன் பட்டவர் முதலையும் சட்டம் அனுமதித்த வட்டியையும் கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்ததெனப் பதிவு செய்யும்படி மனுச் செய்யலாம்.

ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அது வந்து பதினான்கு ஆண்டுகள் சென்றபின், 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்து வட்டிக் கொடுமையைச் சொல்லி ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டது. துன்பத்தில் தனித்து நிற்பவனுக்குச் சட்டம் எட்டாத கனியாகிவிடுகிறது. அதை எட்டச் செய்வதற்கே அக்கம்பக்கத்தாரும் சங்கமும் வேண்டும்.

வசூலுக்கு வருபவர்

வங்கியின் பேரிலும் நிதி நிறுவனத்தின் பேரிலும் வருகின்ற வசூல்காரர்க்கும் வரம்பு உண்டு. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன்காரரை அழைக்கலாகாது என்றும், மிரட்டலும் அவமதிப்பும் கூடாதென்றும் ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. மகளிர் குழுக்கள் வாங்கும் நுண்கடனுக்கு இவ்வெல்லை காலை 9, மாலை 6. தவணை தவறினால் போடும் அபராதத்தை முதலோடு சேர்த்து அதற்கும் வட்டி வாங்கலாகாது என்பது 2023 ஆகஸ்டு உத்தரவு. வசூலில் வன்முறையைத் தடுக்க 2025-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

வருபவரிடம் அடையாளச் சீட்டையும் நிறுவனத்தின் அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். முதல் எவ்வளவு, வட்டி வீதம் என்ன, இதுவரை வரவு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ரசீதின்றி ஒரு ரூபாயும் தரவேண்டாம். ஒரே இடத்தில் இரு கடன் இருந்தால், எக்கடனுக்குச் செலுத்துகிறீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். கூறாவிட்டால் கடன் கொடுத்தவர் தாம் விரும்பியதற்கு, காலாவதியான கடனுக்குங்கூட, வரவு வைக்கச் சட்டம் இடந்தருகிறது. வங்கியிடம் முறையிட்டு முப்பது நாளில் தீர்வு வராவிடில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். மிரட்டினால் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து ஏற்புச் சீட்டுப் பெறுங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கும், வருமானம் குறைந்தோர்க்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தரும். மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமின்றிச் சமரசம் பேசலாம்.

சங்கம் செய்யக்கூடியது

1951-52-இல் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வில், உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு 3.1 என்று கண்டார்கள். லேவாதேவிக்காரர் பங்கோ ஏறத்தாழ எழுபது. அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடனை உரிய தேதிக்குள் செலுத்துவோர்க்கு இன்று வட்டியே இல்லை. அத்தேதி தவறினால் இச்சலுகை போய்விடும். ஆகவே விளைச்சல் பணம் வந்தவுடன் முதற்பங்கு சங்கத்துக்குச் சேரட்டும். செலுத்த இயலாத ஆண்டில் ஒளிந்து திரியாமல், தவணை கடக்குமுன் செயலாளரிடம் நிலைமையை எழுத்தில் தெரிவிப்பதே நன்று.

அடுத்த மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வெளிக்கடன்களை ஒரு தாளில் எழுதிக் கொணர்க: வாங்கிய தேதி, கையில் பெற்ற தொகை, வட்டி வீதம், இதுவரை கட்டியது, யாரிடம் என்ன தாள் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் முதியோர்க்கு உதவுக. பின்வரும் வினாக்களை யாவரும் கூடி ஆராய்க.

1. எக்கடனில் கட்டிய வட்டி முதலை மிஞ்சிவிட்டது?

2. எந்த நோட்டு மாற்றி எழுதப்பட்டது. அதில் வட்டி முதலாயிற்றா?

3. வெற்று நோட்டும் வெற்றுக் காசோலையும் யார் கையில் உள்ளன?

4. எந்தக் கடனை முதலில் தீர்த்தால் மாதச் சுமை மிகக் குறையும்?

இக்கணக்கு எழுதப்பட்ட அன்றே கடனின் மேலுள்ள அச்சம் பாதி நீங்கும். மீதிப் பாதியை நீக்குவது ஒருவர்க்கொருவர் துணை நிற்பதனால் ஆகும்.